வீட்டு ஃபிளைட் சிமுலேட்டர் இருக்கையை அதிர வைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

இருக்கையை அதிர வைக்கும் ஷேக்கர் கருவியை வாங்கிப் பொருத்திவிட்டு, "ஒரே கொரகொரப்பா இருக்கு, விமானம் மாதிரியே இல்ல" என்று என்னிடம் வந்த நண்பர்கள் நாலைந்து பேர். செய்த தவறு எல்லோருக்கும் ஒன்றுதான். முதல் நாளே மென்பொருளைத் திறந்து, இருக்கிற எல்லா விளைவுகளையும் முழு அளவில் ஏற்றிவிட்டார்கள். மரவேலையும் ஒயரிங்கும் சரியாக இல்லாமல் மென்பொருளில் எதைத் திருகினாலும் பலனில்லை.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். இருக்கையில் வரும் ஒவ்வொரு அதிர்வும் விமானத்தைப் பற்றி ஏதாவது ஒரு சேதி சொல்ல வேண்டும். சக்கரம் தரையை விட்டது, இறக்கை காற்றை இழக்கிறது, இறக்கையின் பின்பக்க மடிப்பான ஃபிளாப் இறங்குகிறது என்பது போல. சேதி சொல்லாத அதிர்வு வெறும் மசாஜ் நாற்காலி. கீழே உள்ள வரிசை இதை மனதில் வைத்துப் போட்டது, தாண்டிப் போகாதீர்கள்.

1. எந்த விமானம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

வாங்குவதற்கு முன்பே இதை முடிவு செய்ய வேண்டும். காரணம், ஒவ்வொரு விமானமும் வேறு வேறு அலைவரிசையில் நடுங்குகிறது.

செஸ்னா 172 விமானத்தை எடுத்துக்கொள்வோம். 2400 ஆர்.பி.எம்.மில் (நிமிடத்துக்கு 2400 சுற்று) பறக்கும்போது இன்ஜின் நொடிக்கு 40 முறை சுற்றுகிறது, அதாவது 40 ஹெர்ட்ஸ். இரண்டு பிளேடு கொண்ட புரொப்பெல்லர் நேரடியாக இன்ஜினிலேயே மாட்டியிருப்பதால் பிளேடுகளின் துடிப்பு 80 ஹெர்ட்ஸ். ஐடிலில் 600 ஆர்.பி.எம். என்றால் 10, 20 ஹெர்ட்ஸ். சாதாரண ஷேக்கர் நன்றாக வேலை செய்வது 20 முதல் 80 ஹெர்ட்ஸ் வரை. ஆக, இந்தச் சின்ன விமானத்துக்கு அது அளவெடுத்துத் தைத்த சட்டை.

ஹியூயி ஹெலிகாப்டர் வேறு கதை. அதன் பிரதான ரோட்டர் நிமிடத்துக்கு 324 சுற்று, இரண்டு பிளேடு, துடிப்பு 10.8 ஹெர்ட்ஸ்தான். சின்ன ஷேக்கரால் இவ்வளவு கீழே இறங்க முடியாது. ஒன்று, இதைவிடப் பெரிய பட்கிக்கர் வகை ஷேக்கருக்குப் போக வேண்டும், அல்லது 21.6 ஹெர்ட்ஸில் இரட்டிப்புத் துடிப்பை வைத்து ஒப்பேற்ற வேண்டும். நான் ஒப்பேற்றுகிற கட்சி.

ஜெட் விமானத்தில் டர்பைன் சுற்றும் வேகம் ஷேக்கரின் எல்லைக்கு மேலே போய்விடும், உடம்புக்கும் பெரிதாகத் தெரியாது. அங்கே இன்ஜினை விட்டுவிட்டு ஓடுபாதை, ஏர் பிரேக், துப்பாக்கி இவற்றில் கவனம் வையுங்கள். ஏ-10 விமானத்தின் பீரங்கி நிமிடத்துக்கு 3900 குண்டு சுடும். கணக்குப் போட்டால் 65 ஹெர்ட்ஸ். ஷேக்கருக்கு அது அருமையான தீனி.

இந்த வழிகாட்டியில் செஸ்னா 172-ஐயே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். அதில் சரியாக வந்துவிட்டால் மற்றவை தானாக வரும்.

2. கையில் இருக்க வேண்டியவை

ஷேக்கர் என்பது கூம்பு இல்லாத ஸ்பீக்கர். உள்ளே கனமான காந்தம் மேலும் கீழும் ஆடி, தான் பொருத்தப்பட்ட பலகையை ஆட்டுகிறது. முதல் முறை செய்பவர்களுக்கு டேட்டன் ஆடியோ பி.எஸ்.டி-1 போதும், 4 ஓம், 50 வாட். அதே நிறுவனத்தின் டி.டி.25 சின்ன வட்டு மாதிரி இருக்கும். பெடல், யோக் (விமானத்தைத் திருப்பும் கைப்பிடி) போன்ற இடங்களுக்கு அது பொருத்தம்.

டி.பி.ஏ.3116 சிப் உள்ள கிளாஸ்-டி ஆம்ப்ளிஃபயர் ஒன்று வேண்டும். இதில் பலர் ஏமாறுவது பவர் சப்ளையில். டப்பாவில் 50 வாட் என்று எழுதியிருக்கும், ஆனால் வீட்டில் கிடக்கும் 12 வோல்ட் அடாப்டரைச் செருகினால் 4 ஓம் ஷேக்கருக்குக் கணக்குப்படி 18 வாட்டுக்கு மேல் போகாது. 24 வோல்ட், 5 ஆம்பியர் எஸ்.எம்.பி.எஸ். பவர் சப்ளை வாங்குங்கள். 26 வோல்ட்டுக்கு மேல் அந்த சிப் தாங்காது, அதையும் மறக்க வேண்டாம்.

அப்புறம் தனியாக ஒரு யு.எஸ்.பி. சவுண்ட் கார்டு, 1 ஸ்கொயர் எம்.எம். செம்பு ஒயர், 18 மி.மீ. பிளைவுட், அதிர்வில் தளராத நைலாக் நட்டுகள், வாஷிங் மெஷினுக்கு அடியில் வைக்கும் ரப்பர் பேடுகள் நாலு. ஆம்ப், எஸ்.எம்.பி.எஸ்., ஒயர் எல்லாம் சென்னை ரிச்சி தெரு மாதிரி இடத்தில் ஒரே நடையில் முடிந்துவிடும்.

ஒன்றுக்கு மேல் ஷேக்கர் இப்போது வேண்டாம். ஒன்றைச் சரியாகப் பேச வைத்த பிறகு இரண்டாவதை யோசிக்கலாம்.

3. இருக்கையைத் தரையிலிருந்து பிரியுங்கள்

யாரும் செய்ய விரும்பாத படி இது. பலனில் பாதி இங்கேதான் இருக்கிறது.

ஷேக்கர் தரும் சக்தி கொஞ்சம். இருக்கை நேராகத் தரையில் உட்கார்ந்திருந்தால், அந்தக் கொஞ்ச சக்தி மொத்தக் கட்டடத்தையும் ஆட்டப் பார்த்துத் தோற்றுப்போகும். நடுவில் ரப்பர் இருந்தால் ஆட்ட வேண்டியது இருக்கையையும் உங்களையும் மட்டும்தான். கீழ்வீட்டுக்காரருடன் சமாதானம் என்பது கூடுதல் லாபம். (நான் ரப்பர் இல்லாமல் தொடங்கினேன். மூன்றாம் நாள் கீழ்வீட்டு மாமி மேலே வந்து, "ராத்திரி பதினொரு மணிக்கு மாவு அரைக்கிறீங்களா?" என்று கேட்டார்.)

இருக்கையும் பெடலும் நிற்கும் அளவுக்குப் பிளைவுட் பலகையை வெட்டி, நாலு மூலையில் ரப்பர் பேடு வையுங்கள். உட்கார்ந்து பாருங்கள்: பேடு லேசாக அமுங்க வேண்டும், ஆனால் முழுக்கச் சப்பையாகிவிடக் கூடாது. சப்பையானால் அது ரப்பர் அல்ல, கல்.

கம்ப்யூட்டரையும் திரையையும் இந்தப் பலகையில் வைக்காதீர்கள். சுழலும் ஹார்ட் டிஸ்குக்கு அதிர்வு ஆகாது. தலையசைவைக் கண்காணிக்கும் கேமரா திரைமேல் இருந்தால், ஒவ்வொரு தரையிறக்கத்திலும் காக்பிட்டே குலுங்கும். அது தத்ரூபம் அல்ல, தலைவலி.

சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலிதான் இருக்கிறது என்றால் சக்கரங்களைக் கழற்றிவிடுங்கள். ஆனாலும் கேஸ் லிஃப்ட் குழாய் வழியாக அதிர்வு குழறித்தான் வரும். பழைய கார் சீட் ஒன்று கிடைத்தால், அதன் இரும்புச் சட்டத்துக்கு ஈடே இல்லை.

4. ஷேக்கரை எங்கே, எப்படி இறுக்குவது

உட்காரும் இடத்துக்கு நேர் கீழே, சட்டத்தோடு இறுகப் பிடித்த பலகையில். பஞ்சில் அல்ல, துணியில் அல்ல. பஞ்சு அதிர்வைக் குடித்துவிடும். முதுகுப் பக்கம் வைத்தால் பலமாகத் தெரியும், ஆனால் சக்கரம் தரையைத் தொடுவது முதுகில் வந்தால் மூளை ஒப்புக்கொள்ளாது.

நாலு துளையிலும் போல்ட் போட வேண்டும். இரண்டு போதும் என்று விட்டால் ஷேக்கரே கடகடக்கும். அந்தச் சத்தத்தை இன்ஜின் என்று நம்பி ஒரு வாரம் பறந்த நண்பர் இருக்கிறார். நைலாக் நட்டு அல்லது நீலநிற லாக்டைட் பசை கட்டாயம், ஏனென்றால் சாதாரண நட்டைத் தளர்த்துவதற்கென்றே செய்தது போன்ற கருவி இது.

உள்ளே இருப்பது பலமான காந்தம். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களை இந்த வேலையிலிருந்து தள்ளி வையுங்கள்.

5. ஒயரிங்

ஆம்பின் இடது வெளியீட்டிலிருந்து இரண்டு ஒயர், ஷேக்கரின் பிளஸ் மைனஸுக்கு. ஒரு ஷேக்கருக்கு வேலை அவ்வளவுதான்.

இரண்டாவது வரும்போதுதான் வினை. ஒரே வெளியீட்டில் இரண்டு 4 ஓம் ஷேக்கரைப் பக்கத்துப் பக்கத்தில் இணையாகக் கோத்தால் 2 ஓம் ஆகிவிடும். ஆம்ப் சூடேறி அணைந்துபோகும், இல்லையென்றால் போயே போய்விடும். ஒன்றின் வாலை மற்றதன் தலையில் கட்டும் தொடர் இணைப்பில் 8 ஓம், ஆபத்தில்லை. அதைவிட நல்லது, இடதுக்கு ஒன்று வலதுக்கு ஒன்று.

இந்த வகை ஆம்ப்களில் மைனஸ் முனை எர்த் அல்ல. இடது மைனஸையும் வலது மைனஸையும் சேர்த்து ஒரே ஒயரில் கொண்டுவந்து ஒயரை மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். பிளஸ், மைனஸ் இரண்டு முனையையும் சிப்பே ஓட்டுகிறது. சேர்த்துக் கட்டினால் ஷார்ட்.

6. சவுண்ட் கார்டைத் தனியே ஒதுக்குங்கள்

விளையாட்டின் சத்தமும் ஷேக்கரின் சிக்னலும் கலக்கக் கூடாது. கலந்தால் கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து பேசுபவரின் குரல் உங்கள் இருக்கைக்குள் முனகும்.

புதிய யு.எஸ்.பி. கார்டைச் செருகியதும் விண்டோஸ் அதையே முதன்மை வெளியீடாக மாற்றிக்கொள்வது வழக்கம். உடனே ஹெட்போனுக்குத் திருப்பி வையுங்கள். கார்டின் பெயரை "ஷேக்கர்" என்று மாற்றிவிடுங்கள், ஆடியோ மெருகூட்டல்கள் எல்லாவற்றையும் அணையுங்கள். அந்த மெருகூட்டல்கள் காதுக்காகச் செய்தவை. சில சமயம் தாழ்ந்த ஒலியைத்தான் முதலில் வெட்டும்.

கார்டை எந்த யு.எஸ்.பி. துளையில் செருகினீர்களோ அதிலேயே விட்டுவிடுங்கள். வேறு துளைக்கு மாற்றினால் விண்டோஸ் அதைப் புதிய கருவி என்று நினைத்துக்கொள்ளும். மென்பொருள் பழையதைத் தேடி மௌனமாக நிற்கும். "நேற்று வேலை செய்தது, இன்று இல்லை" என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

7. விமானத்தைத் திறக்காமல் சோதனை

எல்லோரும் தாண்டிப்போகும் படி. ஒரு மாலை நேரம் செலவாகும், ஆனால் பிறகு ஒரு மாதம் மிச்சமாகும்.

ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் 40 ஹெர்ட்ஸ் சைன் அலை ஒன்றை உருவாக்கி ஷேக்கர் கார்டுக்கு அனுப்புங்கள். கணினியின் ஒலி அளவு முழுக்க, ஆம்ப் திருகி பூஜ்யத்தில். உட்கார்ந்துகொண்டு மெதுவாகத் திருகியை ஏற்றுங்கள். ஓர் இடத்தில் "டக் டக்" என்று சத்தம் கேட்கும். உள்ளே ஆடும் காந்தம் அதன் எல்லையில் முட்டுகிறது. அங்கிருந்து நன்றாகக் குறைத்து, திருகியில் டேப் ஒட்டிக் குறி வையுங்கள். இனி எக்காலத்திலும் அந்தக் குறியைத் தாண்டக் கூடாது. இந்த எல்லையை இப்போதே கட்டிவிட்டால், மென்பொருளில் என்ன தவறு செய்தாலும் ஷேக்கர் பிழைத்துக்கொள்ளும்.

அடுத்து, ஆம்பைக் கொஞ்சம் தணித்துவிட்டு, 20, 25, 30 என்று ஐந்தைந்தாக 80 வரை ஒவ்வொரு ஒலியையும் பத்து நொடி ஓட்டுங்கள். ஒரு தாளில் ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் என்று குறித்துக்கொள்ளுங்கள். எது கடகடக்கிறது என்பதையும் எழுதுங்கள். என் இருக்கையில் 55-இல் சீட் பெல்ட் கொக்கி பாடியது, 70-இல் பெடலின் ஸ்பிரிங்.

அநேகமாக 40-க்குப் பக்கத்தில் எங்காவது ஒரு மலையுச்சி வரும். ஷேக்கர், பலகை, உங்கள் எடை எல்லாம் சேர்ந்து ஒத்திசையும் இடம் அது. மேலே போட்ட கணக்கை நினைத்துப் பாருங்கள்: செஸ்னா நேராகப் பறக்கும்போது இன்ஜின் 40 ஹெர்ட்ஸ். விமானம் ஆக அமைதியாக இருக்க வேண்டிய நேரத்தில் உங்கள் இருக்கை ஆகப் பலமாகக் கத்தும்! புதியவர்கள் சொல்லும் "கொரகொரப்பு" பெரும்பாலும் இதுதான். அந்த உச்சியைச் சமன்செய்யும் ஈக்வலைசரில் வெட்டிவிடுங்கள். பள்ளங்களை ஏற்ற வேண்டாம். ஏற்றினால் ஆம்ப் வீணாக உழைக்கும், காந்தம் முட்டும்.

இரண்டு ஷேக்கர் உள்ளவர்கள் இங்கே இன்னொன்றும் பார்க்க வேண்டும். இரண்டிலும் 40 ஹெர்ட்ஸ் ஓட்டி, ஒன்றின் ஒயரை மட்டும் மாற்றிப் போட்டுப் பாருங்கள். ஒன்று ஏறும்போது மற்றது இறங்கினால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். எந்த இணைப்பில் பலமாகத் தெரிகிறதோ அதுவே சரி.

கடைசியாக, இருபது நிமிடம் ஓடவிட்டு ஷேக்கரைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி. கை வைக்க முடியாத சூடு என்றால் ஆம்பை இன்னும் குறையுங்கள்.

8. மென்பொருளை இணைப்பது

வழி இரண்டு. விளையாட்டின் சத்தத்தையே 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வடிகட்டி ஷேக்கருக்கு அனுப்புவது ஒன்று. சுலபம், ஆனால் ஃபிளாப் இறங்குவதற்கும் இடி இடிப்பதற்கும் வித்தியாசம் தெரியாது. விமானத்தின் நிலையை நேராகப் படித்து அதிர்வை உருவாக்குவது மற்றது. வேகம், ஆர்.பி.எம்., தாக்குகோணம் (இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம்), சக்கரம் தரையில் இருக்கிறதா என்பதெல்லாம் எண்களாகவே வரும். இரண்டாவதைத்தான் செய்யச் சொல்வேன்.

மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டரில் இந்த எண்கள் சிம்கனெக்ட் வழியாகவும், எக்ஸ்-பிளேனில் யு.டி.பி. வழியாகவும் கிடைக்கும். சிம்ஷேக்கர் ஃபார் ஏவியேட்டர்ஸ் என்ற மென்பொருள் அவற்றை வாங்கி, அதன் சவுண்ட் மாட்யூல் மூலம் ஷேக்கருக்கு ஒலியாக மாற்றுகிறது. பட்கிக்கர் வாங்கியவர்களுக்கு அந்த நிறுவனமே ஹேப்டிகனெக்ட் என்ற மென்பொருளைத் தருகிறது.

டி.சி.எஸ். என்ற போர் விமான சிமுலேட்டர் ஆடுபவர்கள் கவனிக்க: அங்கே எல்லாமே 'சேவ்டு கேம்ஸ்' கோப்புறையில் உள்ள எக்ஸ்போர்ட் லுவா என்ற ஒரே கோப்பு வழியாகப் போகிறது. ரேடியோ மென்பொருள், பறத்தலைப் பதிவுசெய்யும் டாக்வியூ எல்லாம் அதே கோப்பில் தங்கள் வரியைச் சேர்க்கும். புதிதாக எதையாவது நிறுவும் முன் அந்தக் கோப்பை ஒரு நகல் எடுத்து வையுங்கள். தனியாக ஆடும்போது அதிர்வு வந்து, ஆன்லைன் சர்வரில் வரவில்லை என்றால் தவறு உங்களுடையது அல்ல. சில சர்வர்கள் தகவலை வெளியே விடுவதில்லை.

9. விளைவுகளை ஒவ்வொன்றாகத் திறப்பது

முதலில் எல்லாவற்றையும் அணையுங்கள். எல்லாவற்றையும். பிறகு இந்த வரிசை.

ஓடுபாதை உருளல் முதலில். 30 சதவீதத்தில் வைத்து டாக்சி செய்யுங்கள், அதாவது விமானத்தைத் தரையிலேயே ஓட்டுங்கள். தரை வேகம் கூடக் கூட அதிர்வும் கூட வேண்டும். அப்படியே டேக்-ஆஃப் எடுங்கள். சக்கரம் தரையை விடும் கணத்தில் இருக்கை சட்டென்று அமைதியாக வேண்டும். அந்த அமைதி உங்களுக்கு வந்துவிட்டால், இத்தனை நாள் எதை இழந்தோம் என்று புரிந்துவிடும்.

அடுத்தது தரைதொடல். ஒரே ஒரு குறுகிய தட்டு, 60 சதவீதம் வரை போகலாம். வேகமாக இறங்கினால் பலமாகவும் பூப்போல இறங்கினால் மெல்லவும் வர வேண்டும். ஹெட்போன் சத்தத்துக்குப் பிந்தி வந்தால் மென்பொருளின் ஒலி பஃபரைக் குறையுங்கள். இந்தக் காரணத்தால்தான் ஷேக்கருக்கு புளூடூத் ஒருபோதும் வேண்டாம்.

இன்ஜின் மூன்றாவது. பலர் இதை முதலில் திறந்து, சத்தமாகவும் வைத்துவிடுகிறார்கள். எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரே விளைவு இது. அதிகமானால் மற்ற எல்லாச் சேதியையும் மூடிவிடும். 10 முதல் 15 சதவீதம் போதும். ஓர் அளவுகோல் சொல்கிறேன்: பறக்கத் தொடங்கிப் பத்து நிமிடத்தில் இன்ஜின் அதிர்வை நீங்கள் மறந்துவிட வேண்டும், ஆனால் இன்ஜின் நின்றால் உடனே தெரிய வேண்டும்.

ஸ்டால் (இறக்கை தூக்கும் விசையை இழப்பது) நடுக்கம் நான்காவது. எனக்குப் பிடித்தது இதுதான், நேரம் எடுத்துச் செய்யுங்கள். இறக்கைமேல் காற்று பிரிந்து கொந்தளித்து வாலில் போய் மோதுவதால் வருவது இந்த நடுக்கம். 4000 அடிக்கு ஏறி, த்ராட்டிலை மூடி, உயரம் குறையாமல் மூக்கைத் தூக்கிக்கொண்டே வாருங்கள். செஸ்னா 172எஸ் ஃபிளாப் இல்லாமல் 48 நாட் வாக்கில் ஸ்டால் ஆகும். நடுக்கம் அதற்கு ஐந்தாறு நாட் முன்பே மெல்லத் தொடங்கி வளர வேண்டும். மூக்கு விழுந்த பிறகு வருகிற நடுக்கத்தால் பயனில்லை. வேகத்தை வைத்து இயங்கும் விளைவைவிடத் தாக்குகோணத்தை வைத்து இயங்குவதைத் தேர்ந்தெடுங்கள். சாய்ந்து திரும்பும்போது ஸ்டால் அதிக வேகத்திலேயே வந்துவிடும், அங்கே வேகக் கணக்கு ஏமாற்றும்.

ஃபிளாப், காற்றுக் கொந்தளிப்பு இரண்டும் கடைசியில், 20 சதவீதத்துக்குள். லேண்டிங் கியர் விளைவைச் செஸ்னாவுக்கு அணைத்தே வையுங்கள். சக்கரத்தை மடக்காத விமானத்தில் கியர் ஏறுகிற அதிர்வு வந்தால் சிரிப்புத்தான் வரும், ஆனால் பல ஆயத்த அமைப்புகளில் அது திறந்தே இருக்கிறது.

ஒவ்வொன்றையும் திறந்த பிறகு மொத்த அளவைக் கவனியுங்கள். ஓடுபாதை, இன்ஜின், தரைதொடல் மூன்றும் ஒரே நேரத்தில் வரும். கூட்டினால் 100-ஐத் தாண்டினால் சிக்னல் மேலே வெட்டுப்பட்டு, எல்லாம் கலந்த ஒரே இரைச்சலாகிவிடும்.

10. யோக்கிலும் வேண்டுமா?

விமானத்தைப் பொறுத்தது. போயிங் 737-இல் ஸ்டால் எச்சரிக்கைக்காகவே கட்டுப்பாட்டுத் தண்டை உலுக்கும் மோட்டார் இருக்கிறது. அங்கே யோக்கின் அடியில் ஒரு டி.டி.25 வைத்தால் நியாயம். செஸ்னாவில் எச்சரிக்கை என்பது ஊதல் சத்தம் மட்டுமே. ஏர்பஸ் ஏ320-இல் ஸ்டிக் ஷேக்கர் கிடையாது, சைட்ஸ்டிக்கும் காற்றின் விசையைக் கைக்குத் திருப்பித் தருவதில்லை. ஏ320 மட்டும் ஓட்டுபவர்கள் ஃபோர்ஸ் ஃபீட்பேக் ஸ்டிக்குக்குப் பெரும் பணம் கொட்டுவதற்கு முன் இதை ஒருமுறை யோசிக்கலாம்.

11. வழக்கமான கோளாறுகள்

ஒன்றும் ஓடாதபோதே இருக்கை மெல்ல ரீங்காரமிடுகிறதா? நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அது சரியாக ஷேக்கரின் எல்லைக்குள் விழுகிறது. காதுக்குத் தெரியாத ஹம் கூட உட்காரும் இடத்தில் தெரிந்துவிடும். கம்ப்யூட்டர், ஆம்ப் இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகிப் பாருங்கள், பெரும்பாலும் போய்விடும். லேப்டாப் என்றால் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் வாங்குவது கடைசி வழி. மலிவான ஐசொலேட்டர்கள் ஹம்மோடு சேர்த்து உங்களுக்கு வேண்டிய 20, 30 ஹெர்ட்ஸையும் தின்றுவிடும்.

பலமான தரைதொடலில் ஆம்ப் அணைந்து திரும்ப வருகிறது என்றால் எஸ்.எம்.பி.எஸ். போதவில்லை. ஒரு மணி நேரத்தில் கால் மரத்துப்போகிறது என்றால் இன்ஜின் அளவு அதிகம்.

முதல் பத்து மணி நேரப் பறத்தலுக்குப் பிறகு ஸ்பேனரை எடுத்து எல்லா நட்டையும் ஒருமுறை இறுக்குங்கள். ஷேக்கரின் நட்டை மட்டும் அல்ல, சீட், பெடல், யோக் பிடிப்பான் எல்லாவற்றையும். எனக்கு முதலில் கழன்றது ரட்டர் பெடல், அதுவும் குறுக்குக் காற்றில் இறங்கிக்கொண்டிருக்கும்போது.